நம்ம ஆளு

(வாசகர் கேள்வி பதில். பதில் சொல்பவர் திருநெல்வேலிச் சீமையில் ஒரு கிராம ஊராட்சிக்கு 2011 முதல் 2016 வரை தலைவராக இருந்தவர். உபதேசியார் (சபை ஊழியர்) மகள். இப்போது தையல் கடை வைத்திருக்கிறார்.)

அக்கா, எங்கள் சபையில் போன மாதம் ஐயர் (போதகர்) பிரசங்கத்தில், "அரசியல் ஒரு சாக்கடை, தேவபிள்ளைகள் அதில் கால் வைக்கக்கூடாது" என்றார். நீங்கள் அதில் ஐந்து வருஷம் நின்றவர். கிறிஸ்தவர்கள் அரசியலுக்குப் போகலாமா, கூடாதா?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

எங்கள் ஊரில் சாக்கடைக்கு வாறுகால் என்று பெயர். நான் பதவியேற்ற ஐப்பசியில் முதல் மழைக்கே வாறுகால் அடைத்து, பள்ளத்தெருவில் நாலு வீட்டு அடுப்படிக்குள் தண்ணீர் வந்துவிட்டது. மண்வெட்டியோடு நின்ற இரண்டு பேருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நானும் சேலையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கால் வைத்தேன் என்பதற்காகக் கர்த்தர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கால் சொறிந்தது, அது உண்மை.

என் அப்பா தேரிக்காட்டுச் சபைகளில் உபதேசியாராக இருந்தவர். சைக்கிளை உடைமரத்தில் சாய்த்துவிட்டு, நியாயாதிபதிகள் ஒன்பதாம் அதிகாரத்திலிருந்து யோதாம் சொன்ன கதையைச் சொல்வார். மரங்களெல்லாம் கூடி ராஜாவைத் தேடின. ஒலிவமரம், என் எண்ணெயை விட்டுவிட்டு வரவா என்றது. அத்திமரம் தன் இனிப்பைச் சொன்னது, திராட்சச்செடி தன் ரசத்தைச் சொன்னது. கடைசியில் முட்செடி, வாருங்கள், என் நிழலில் ஒதுங்குங்கள் என்றது. இந்த இடத்தில் அப்பா தலைக்கு மேலே இருக்கிற உடைமரத்தைக் காட்டி, "இதுல எங்கடே நிழலு?" என்பார். பிள்ளைகளெல்லாம் அண்ணாந்து பார்ப்போம், முகத்தில் பாதி வெயில் அடிக்கும். பதவி முள்ளுக்குத்தான் லாயக்கு என்று இந்தக் கதைக்குப் பொருள் சொல்கிறவர்கள் உண்டு. அப்பாவுக்கு ஒலிவமரத்தின் மேல்தான் கோபம்.

நீங்கள் நாகர்கோவில்காரர் என்பதால் ஒன்று கேட்கிறேன். தோள்சீலை போடும் உரிமைக்காக உங்கள் ஊர்ப் பாட்டிமார் 1859இல் திருவிதாங்கூர் மகாராஜாவின் அறிவிப்பு வரும்வரை பட்ட பாடு ஆவிக்குரியதா, அரசியலா? மார்ஷல் நேசமணி சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரர்தானே? மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி என்று நாகர்கோவில் கோர்ட்டில் இருந்ததாகவும், அவர் அந்த முக்காலியை எட்டி உதைத்ததாகவும் உங்கள் மாவட்டத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். குமரியைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லி நடந்த போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11இல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச் சூடு நடந்து, உயிர்ச்சேதமாகி, 1956 நவம்பர் 1இல் குமரி தமிழகத்தோடு சேர்ந்தது. அந்தப் போராட்டத்துக்குத் தலைவர் அவர். உங்கள் ஐயர் சம்பளக் கவரில் இருக்கிற ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் தமிழ்நாடு என்று அச்சாகியிருக்கிறது அல்லவா, அதைக் கொஞ்சம் அவருக்குக் காட்டுங்கள். கோபமாக அல்ல, ஞாயிறு ஆராதனை முடிந்து அவர் வெள்ளை அங்கியைக் கழற்றி மடிக்கும்போது மெதுவாக.

போன சட்டமன்றத் தேர்தலுக்கு முந்தின ஞாயிறு, அறிவிப்பு வாசிக்கும்போது இன்ன கட்சிக்குத்தான் ஓட்டுப் போடவேண்டும் என்றார்கள். போடாவிட்டால் கர்த்தர் கணக்குக் கேட்பாராம். இது சட்டப்படி சரியா?
— ஒரு வாசகி, சாயர்புரம்

சரியில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இன் 123ஆம் பிரிவு, மதத்தின் பேரால் ஓட்டுக் கேட்பதை ஊழல் நடவடிக்கை என்கிறது. வேட்பாளரோ, அவர் ஏஜெண்டோ, அவர் சம்மதத்தோடு வேறொருவரோ செய்தது நிரூபணமானால் ஜெயித்த தேர்தலே செல்லாமல் போகும். 'கணக்குக் கேட்பார்' என்றார்களே, அதற்கும் அதே பிரிவில் இடம் இருக்கிறது: ஓட்டுக்காக தெய்வ கோபத்தைக் காட்டிப் பயமுறுத்துவது முறையற்ற செல்வாக்கு. வேட்பாளரின் மதத்தை மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அடங்கும் என்று 2017 ஜனவரியில் உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதி அமர்வு நாலுக்கு மூன்று என்று தீர்ப்புச் சொன்னது. வழிபாட்டு இடத்தைக் கட்சி வேலைக்குப் பயன்படுத்தக்கூடாது என்று 1988இல் தனிச்சட்டமே வந்திருக்கிறது, ஐந்து வருஷம் வரை சிறை. கோவிலுக்கும் பள்ளிவாசலுக்கும் நமக்கும் ஒரே சட்டம்.

இவ்வளவு வக்கணையாகச் சொல்கிற நான் என்ன செய்தேன் என்றும் சொல்லவேண்டும். ஊராட்சித் தலைவர் பதவிக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. எனக்குப் பூட்டு சாவி கிடைத்தது. ஓட்டுக்கு நாலு நாள் இருக்கும்போது எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். என்னை நடுவில் முழங்கால் படியிட வைத்து, என் தலையில் கை வைத்து, "ஆண்டவரே, சத்துருக்களின் கையிலிருந்து இந்த ஊரை மீட்டுத் தாரும்" என்று ஒரு பெரியம்மா ஜெபித்தார்கள். நானும் ஆமென் என்றேன். சத்துரு யார்? எனக்கு எதிராக நின்றது மேட்டுத்தெருவில் மாவு மில் வைத்திருக்கிற மைனி (அண்ணி). என் கல்யாணத்துக்கு நெல் குத்திக் கொடுத்தவள். 61 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தேன். இளஞ்சிவப்புச் சீட்டுகளைக் கட்டுக் கட்டாக எண்ணி முடித்தபோது, அவள்தான் முதலில் வந்து என் கையைப் பிடித்தாள். அந்த ஆமெனை இன்றுவரை என்னால் திருப்பி எடுக்க முடியவில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்? முதலில் ஐயரிடம் போய்ச் சொல்லுங்கள். இரண்டு பேராகப் போங்கள், தனியாகப் போனால் மேல் ஸ்தாயியில் ஜெபம் பண்ணி அனுப்பிவிடுவார்கள்.

நான் வார்டு உறுப்பினர். அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு எனக்குப் பரிவட்டம் கட்டுவோம் என்கிறார்கள். கட்டினால் சபையில் பேச்சு, மறுத்தால் ஊரில் பேச்சு. சாப்பாடு வேறு. என்ன செய்ய?
— பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார், ராதாபுரம் பக்கம்

இதுதான் உண்மையான கேள்வி தம்பி. மேடையில் பேசுகிறவர்கள் யாரும் இதற்குப் பதில் சொல்லமாட்டார்கள்.

எனக்கு முதல் கொடை வந்தது சித்திரையில். மூன்று நாள். வில்லுப்பாட்டுக்கு மேடை, சாமக்கொடைக்குக் கூட்டம், வெளியூரில் இருக்கிற பிள்ளைகளெல்லாம் குடும்பத்தோடு வந்து இறங்கும். சாதாரண நாளில் வேண்டிய தண்ணீரைப்போல இரண்டு பங்கு வேண்டும். கொடைக்குப் பத்து நாள் முன்னால் கோவில் தர்மகர்த்தா அண்ணாச்சி வீட்டுக்கு வந்து, "ஊர்த் தலைவருக்குப் பரிவட்டம் கட்டுறது வழக்கம். நீங்க வேதக்கார ஆளு. என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். இரண்டு நாள் தவணை வாங்கினேன்.

வேதத்தில் நாகமான் கதை இருக்கிறதே, இரண்டாம் ராஜாக்கள் ஐந்து. குஷ்டம் நீங்கின பிறகு அவன் எலிசாவிடம் கேட்கிறான்: என் எஜமான் ரிம்மோன் கோவிலுக்குப் போகும்போது என் கையைப் பிடித்துக்கொள்வான், அங்கே நானும் குனியவேண்டி வரும், அதைக் கர்த்தர் மன்னிப்பாரா? எலிசா மூன்று பாரா பிரசங்கம் பண்ணவில்லை. சமாதானத்தோடே போ என்றார். அவ்வளவுதான். போ என்று சொன்னாரா, பண்ணு என்று சொன்னாரா என்று நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன்.

அண்ணாச்சியிடம் போய், "பரிவட்டம் துணைத்தலைவருக்குக் கட்டுங்க. அவருக்கு அது பொருள் உள்ளது, எனக்குக் கட்டினா வேஷம். நான் மூணு நாளும் தண்ணி லாரி பக்கத்துல நிக்கேன்" என்றேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. மறைக்கவில்லை. ஆனால் மூன்று நாளும் நின்றேன். ராத்திரி இரண்டு மணிக்கு மோட்டார் புகைந்து, டேங்க் ஆபரேட்டரும் நானும் டார்ச் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தபோது, அண்ணாச்சி தூக்குவாளியில் சுக்குக்காப்பி கொடுத்துவிட்டார்.

சாப்பாடு விஷயத்தில் பவுல் கொரிந்தியருக்கு எழுதினது தெளிவு. விருந்துக்கு ஒருவன் அழைத்தால், மனச்சாட்சியினிமித்தம் ஒன்றையும் விசாரியாமல் சாப்பிடு. இது படைத்தது என்று ஒருவன் சொல்லிவிட்டால் மட்டும் வேண்டாம். மூன்றாம் நாள் அவர்கள் வீட்டில் இலை போட்டார்கள், நான் விசாரிக்கவில்லை. பாதி சாப்பிட்டபோது கறிவாளியோடு வந்த பையன், "அத்த, இது சாமி கிடாய், இன்னும் ரெண்டு துண்டு வைங்க" என்றான். என்ன செய்வது? ரசத்துக்குப் போய்விட்டேன். அண்ணாச்சிக்குப் புரிந்தது, பையனை முறைத்தார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஐயர் அம்மா, அதாவது ஐயரின் மனைவி, என்னை ஓரமாகக் கூப்பிட்டு எத்தனை துண்டு என்று கேட்டார்கள். உங்களுக்கும் அந்தக் கேள்வி வரும். எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரைக்காரர் 'ரோசாப்பூ துரை' கிறிஸ்தவராமே? வைக்கம் போராட்டத்திலிருந்து விலகச் சொல்லி காந்தி அவருக்கு எழுதினாராமே? அடுத்த மதத்து விஷயத்தில் நாம் தலையிடலாமா?
— ஒரு கல்லூரி மாணவர், உசிலம்பட்டி

ஜார்ஜ் ஜோசப். 1887இல் செங்கன்னூரில் பிறந்த சிரியன் கிறிஸ்தவர், லண்டனில் சட்டம் படித்து வந்து மதுரையில் வக்கீலாக இருந்தவர். குற்றப் பரம்பரைச் சட்டத்தில் உங்கள் பக்கத்துப் பிறமலைக் கள்ளர்களைக் கைரேகை வைக்கச் சொல்லி, ராத்திரியானால் போலீஸ் கண்ணில் படும்படி வந்து படுக்கச் சொன்ன காலம். 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் சுட்டார்கள். அந்த ஜனங்களுக்காக வாதாடினவர் என்பதால் அவர்கள் வைத்த பெயர்தான் ரோசாப்பூ துரை. ஒரு வக்கீலுக்கு இதைவிடப் பெரிய பட்டம் எனக்குத் தெரிந்து இல்லை.

1924இல் வைக்கம். கோவிலைச் சுற்றின சாலைகளில் ஈழவரும் புலையரும் நடக்கக்கூடாது. ஜோசப் அதில் இறங்கினார். இது இந்துக்களின் பாவம், பரிகாரத்தையும் அவர்களே செய்யட்டும், நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்ற பொருளில் காந்தி எழுதினார். அதே மாதத்தில் ஜோசப் கைதாகிச் சிறைக்கும் போனார்.

காந்தி மேல் எனக்கு மரியாதை உண்டு, கடையில் படம் மாட்டியிருக்கிறேன். ஆனால் இதில் நான் ஜோசப் பக்கம். ஏனென்றால் அந்தச் சாலைகளில் கிறிஸ்தவன் நடக்கலாம். முஸ்லிம் நடக்கலாம். ஒரு ஈழவர் மதம் மாறிவிட்டு வந்தால் மறுநாளே அவரும் நடக்கலாம். தனக்குத் திறந்திருந்த ரோடு பக்கத்து வீட்டுக்காரனுக்கு மூடியிருந்தது, அதற்காக ஒருவர் ஜெயிலுக்குப் போனார். கருவறைக்குள் என்ன நடக்கவேண்டும் என்று அவர் சொல்லவில்லையே, ரோட்டைப் பற்றித்தானே சொன்னார்? ரோடு எப்போதுமே எல்லாருடைய விஷயம். நான் போட்டது மொத்தம் இரண்டே கால் கிலோமீட்டர் சிமெண்ட் ரோடுதான், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் தனித்தொகுதியில் நிற்க முடியாது என்பது உண்மையா?
— ஒரு வாசகர், பாளையங்கோட்டை

உண்மை. 1950 குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பவுத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே. தமிழ்நாட்டில் நமக்கு பி.சி. (பிற்படுத்தப்பட்டோர்) பட்டியலில் இடம். எம்.எல்.ஏ. மட்டுமல்ல, பட்டியல் சாதிக்கு ஒதுக்கின ஊராட்சித் தலைவர் பதவிக்கும் நிற்க முடியாது.

சூசை வழக்கு என்று ஒன்று உண்டு. சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்தவர். பட்டியல் சாதித் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பங்க் கடை கொடுத்தது, இவர் கிறிஸ்தவர் என்று இவருக்கு இல்லை. உச்சநீதிமன்றம் 1985இல், மதம் மாறின பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதுமான ஆதாரம் முன்வைக்கப்படவில்லை என்று தள்ளிவிட்டது. ஆதாரம்தானே? நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றின் நடுவே சாதி பிரித்து நிற்கிற சுவரைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கலாம். 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒன்றிய அரசு இதற்காக ஆணையம் அமைத்தது. தில்லிக்கு மனு எழுதுகிற சபைகள் அந்தச் சுவருக்கு ஒரு கடப்பாரையும் வாங்கினால் மனுவுக்குக் கொஞ்சம் பலம் வரும்.

எனக்குப் பிடிக்காத கட்சி ஆட்சியில் இருக்கிறது. அவர்களுக்காகவும் ஜெபிக்கவேண்டுமா?
— ஒரு வாசகி, கோவை

ராஜாக்களுக்காக ஜெபியுங்கள் என்று தீமோத்தேயுவுக்கு எழுதின காலத்தில் ரோமாபுரியில் இருந்தது நீரோ என்பார்கள். உங்கள் ஆட்கள் அவ்வளவு மோசமா? ஜெபியுங்கள். அதே பவுல், அடிக்கப்போகும்போது நான் ரோமக் குடிமகன், விசாரிக்காமல் அடிக்கலாமா என்று கேட்டவர், பிறகு இராயனுக்கு (ரோமப் பேரரசனுக்கு) அபயமிட்டு மேல்முறையீடும் செய்தவர். ஜெபித்துவிட்டு மனுவும் எழுதுங்கள்.

ஐந்து வருஷம் தலைவராக இருந்தீர்களே, நம்ம ஜனத்துக்கு என்ன செய்தீர்கள்? நம்ம ஆளு என்றுதானே ஓட்டுப் போட்டோம்?
— பெயரும் ஊரும் இல்லை

பெயர் போடாவிட்டாலும் கையெழுத்து தெரிகிறது. ஓய்வுநாள் (ஞாயிறு) பள்ளியில் எனக்கு வசனம் எழுதிக் கொடுத்த கை. பரவாயில்லை, கேட்டது நல்லதுதான்.

நம்ம வேதக்கோவில் (சர்ச்) காம்பவுண்டுச் சுவரை ஊராட்சி நிதியில் கட்டித் தரச் சொன்னீர்கள். முடியாது என்றேன். காசோலையில் நானும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடவேண்டும், தணிக்கைக்கு ஆள் வருவார்கள் என்பதெல்லாம் இரண்டாவது. அந்தப் பணத்தில் மாவு மில் மைனி கட்டின வீட்டு வரியும் இருக்கிறது. அந்த வருஷம் சபை அசன விருந்தில் எனக்கு எலும்பாகப் பார்த்து எடுத்து வைத்தீர்கள். ஞாபகம் இருக்கிறது.

தண்ணீர் விஷயம்தான் நீங்கள் கேட்க வந்தது, எனக்குத் தெரியும். வெளியே இருக்கிறவர்களுக்கு விளங்கச் சொல்கிறேன். எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டி 60,000 லிட்டர். ராத்திரி மோட்டார் ஓடி நிரம்பும். காலையில் ஆறு மணிக்கு அம்மன் கோவில் தெருவுக்கு வால்வைத் திறப்பார்கள், ஏழரைக்கு அதை அடைத்துவிட்டு வேதக்கோவில் தெருவுக்கு. இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் கடைசி வீட்டுக்குக் காற்றுத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை எட்டரைக்கு. முதல் மணி அடிக்கும்போது நம் பெண்கள் குழாயடியில் நிற்பார்கள், இரண்டாம் மணிக்கு அரைக்குடத்தை வைத்துவிட்டு ஓடுவார்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு வந்துசேர்கிறவர்கள் பாதிப் பேர். ஞாயிறு மட்டும் முறையை மாற்று, நமக்கு முதலில் விடு என்று சேகர மன்றத்திலிருந்தே (சபை நிர்வாகக் குழு) வந்து கேட்டீர்கள்.

நானும் மாற்றத்தான் நினைத்தேன். சத்தியமாக. சனிக்கிழமை சாயங்காலம் டேங்க் ஆபரேட்டரிடம் சொல்லப் போனேன். அவர் வால்வுச் சாவியைத் துடைத்துக்கொண்டே, "சூளை வேன் ஏழு மணிக்கு வருமேக்கா" என்றார். அம்மன் கோவில் தெருவிலிருந்து பதினெட்டு பெண்கள் செங்கல் சூளைக்குப் போகிறார்கள், சூளைக்கு ஞாயிறும் கிடையாது, திங்களும் கிடையாது. ஏழரைக்குத் தண்ணீர் விட்டால் அவர்களுக்கு அன்றைக்குத் தண்ணீர் இல்லை. நான் திரும்பி நடந்தேன். வீட்டுக்குப் போகவில்லை, நேராக ஐயர் குடியிருக்கிற குருமனைக்குப் போனேன்.

அப்போது இருந்த ஐயர் வயதில் என்னைவிடச் சின்னவர். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஆராதனை எட்டரைக்குன்னு வேதத்துல இருக்கா?" என்றார். நான் இல்லை என்றேன். மறுநாள் அறிவிப்பில் அடுத்த வாரம் முதல் ஆராதனை ஒன்பது மணிக்கு என்று வாசித்தார். நீங்கள் எழுந்து வெளியே போனீர்கள்.

ஒன்பதுக்குத்தான் இன்றைக்கும் நடக்கிறது. ஒரு பாட்டி மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உன்னாலதான் ஞாயித்துக்கெழமை அரைமணி நேரம் பிந்திச் சோறு திங்கோம்" என்பார்கள். நம்ம ஜனத்துக்கு என்ன செய்தேன் என்று கேட்டீர்களே, அண்ணாச்சி, அம்மன் கோவில் தெருவையும் சேர்த்து எண்ணியிருந்தேன்.